கயிறு கட்ட இடமில்லாத பூட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! தென்காசி, குற்றாலம், செங்கோட்டை லாரி முதலாளிமார்களே! டிரைவர்மார்களே! பந்தலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்மார்களே! எல்லாருக்கும் சொக்கம்மாளின் கும்பிடு.

நமது லாரிப் பட்டறை மேஸ்திரி கிதிர் முகம்மது அவர்கள் விஷக் காய்ச்சலில் கண்மூடி இன்று பதினோராம் நாள். பேச என்னைக் கூப்பிட்டதே எனக்குக் குழப்பமாக இருக்கிறது. அவர் பட்டறைக்கு யாரும் வண்டி விடக்கூடாது என்று இதே சங்கத்தில் தீர்மானம் போட வைத்தவளே நான்தானே! அந்தத் தீர்மானம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அவர் தம்பி துல்கர்னைன் வேலையில்லாமல் பட்டறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அதை அப்படியே வைத்துக்கொண்டு, இங்கே நின்று மேதை என்றும் வள்ளல் என்றும் பேசினால் அது என்ன இரங்கல்?

முன்னால் பேசியவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். இந்த மேடையில் மூன்று பேர், "பொம்பளைக்கு எதுக்கு லாரி?" என்று கேட்டவர்கள். பெயர் சொல்லவில்லை. நடுவில் இருக்கிறவர் குனிந்துகொண்டார், போதும். அன்றைக்கு என் வண்டியைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் யார்? மேஸ்திரி கிதிர் முகம்மது!

சண்டை முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட சின்னத் திறந்த வண்டி அது. பிக்கப் என்கிறார்கள். ஐந்தருவித் தோப்பில் பலாப்பழம் ஏற்றி இறங்கும்போது, சாரலில் இடது பின்சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. வலது சக்கரம் கெட்டியாகப் பாறைமேல் நிற்கிறது. டிரைவர் பலவேசம் மிதிக்கிறான், மிதிக்கிறான். சேற்றுச் சக்கரம் பம்பரமாகச் சுற்றுகிறது, பாறைச் சக்கரம் அசையவே இல்லை! இது என்ன நியாயம்? என் மாமனார் சொத்துப் பிரித்தது போல, உருப்படாதவனுக்கே எல்லாமுமா?

மேஸ்திரி மழையில் நனைந்துகொண்டே வந்து வண்டிக்கு அடியில் படுத்தார்.

"பெலம் ரெண்டுக்கும் ஒண்ணுபோலத்தான் போவுது ஆச்சி. வழுக்குத சக்கரத்துக்குக் கொஞ்சம் போதும். அந்தக் கொஞ்சந்தான் இந்தப் பாறைச் சக்கரத்துக்கும் கெடைக்கும்."

"அப்பம் ரெண்டையும் சேத்துக் கட்டித் தொலைக்க வேண்டியதுதானே?"

"உங்க தேரு ரதவீதி மூலையில திரும்புதப்போ பாத்திருக்கியள்லா? வெளிவடம் பிடிக்கவன் ஓடணும், உள்வடம் பிடிக்கவன் மெள்ள நடக்கணும். சக்கரமும் அப்படித்தான். அதுக்குத்தான் நடுவுல டிப்ரன்சியல்னு ஒண்ணு வச்சிருக்கான்."

எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் அரைகுறைதான். ஆனாலும் அவர் உடைந்த பட்டாளத்து லாரி ஒன்றிலிருந்து சாமான் கழற்றி, ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற லாக் ஒன்றை என் வண்டிக்கு வைத்துக் கொடுத்தார். அதை இழுத்துப் பூட்ட, சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி, லிவர். "சேத்துல இழுங்க, கெட்டி ரோட்டுக்கு வந்ததும் விட்டுருங்க. விடலன்னா வளைவுல வண்டி திரும்பாது" என்று ரெண்டு தடவை சொன்னார். நான் மறக்கிறவளா? ரெண்டு தடவை!

மறுவாரம் அதே சேற்றில் பலவேசம் லிவரை இழுத்தான். யானை போல ஏறி வந்தது வண்டி! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மன் கோவில் மஞ்சள் கயிற்றை எடுத்து அந்த லிவரை இழுத்தபடியே கட்டிவிட்டேன். இவ்வளவு நல்லதை எதற்காக விட வேண்டும்?

"ஆச்சி, மேஸ்திரி அவுக்கச் சொன்னாரே" என்றான் பலவேசம்.

"ஏலே, சாமி கயித்த அவுப்பியா நீ? கை வெளங்குமா?"

அவன் கயிற்றைத் தொடாமல் ஓட்டினான். கெட்டி ரோட்டுக்கு வந்து, இலஞ்சி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தான். முன்சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேரே ஓடைக்குள் போய்விட்டது. பலவேசத்தின் கால் முறிந்தது. அதோ, கம்பை ஊன்றிக்கொண்டு தூணோரம் நிற்கிறான்.

சேதி கேட்டு நான் போய் நிற்கும்போதே மேஸ்திரியும் ஓடி வந்தார். முதலில் பலவேசத்தைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிறகு உள்ளே தலையை விட்டுக் கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அவுத்துரலாமா ஆச்சி?" என்றார். "தொடாதேயும்!" என்றேன். மறுநாள் சங்கத்தில், இவர் வைத்த லாக்தான் என் வண்டியைக் கவிழ்த்தது என்று சத்தம் போட்டேன். அவரும் அங்கேதான் இருந்தார். ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லையே! பலவேசமும் என் சோற்றைத் தின்ற பாவத்துக்கு வாயைத் திறக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை? பதினொரு நாளாக எனக்கு இதே குழப்பம். நேற்று அவர் வீட்டுக்குப் போய் அவர் மனைவி நூர்நிஷாவிடமே கேட்டேன். நான்தான் கேட்டேன், அவள் குற்றம் சொல்லவில்லை. "நானும் கேட்டேன் ஆச்சி. 'வண்டி நல்லா ஓடணும்னுதான அவுக கயிறு கட்டுனாக. கட்டுத மாதிரி லிவர வச்சது என் தப்பு'ன்னுட்டாக" என்றாள்.

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா! சபையோரே, இருப்பானா!

அதற்குப் பிறகு ஒரு வருஷம், வேலை இல்லாத பட்டறையில் அவர் என்ன செய்தார் தெரியுமா? லிவரே இல்லாத ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். துல்கர்னைன் எனக்கு எடுத்துக் காட்டினார். தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கிறது. ஒரு சக்கரம் வழுக்கினால் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்குமாம். வளைவில் கொஞ்சம் வழுக்கி விட்டுக்கொடுக்குமாம். முழுக்கப் பூட்டவும் செய்யாது, முழுக்க விடவும் செய்யாது. எது சேறு, எது வளைவு என்று இரும்புக்கு எப்படித் தெரியும்? எனக்கு விளங்கவில்லை ஐயா! விளங்கியது ஒன்றே ஒன்று. அதில் கயிறு கட்ட இடமே இல்லை. என்னைப் போன்றவள் கையில் கொடுத்தாலும் கவிழாத ஒன்றை அவர் செய்திருக்கிறார். முக்கால்வாசி முடிந்திருக்கிறது.

தலைவர் அவர்களே, வண்டி கவிழ்ந்தது மேஸ்திரியால் அல்ல, என்னால். பலவேசம், உன் காலும் என்னால்தான். தீர்மானத்தை இப்போதே, இந்த மேடையிலேயே அடித்துவிடுங்கள். நாளைக் காலை என் வண்டி பட்டறை வாசலில் நிற்கும். மீதிக் கால்வாசியைத் துல்கர்னைன் என் வண்டியில்தான் முடிக்க வேண்டும். முதல் ஓட்டத்துக்கு, ஐந்தருவிச் சேற்றுக்கும் இலஞ்சி வளைவுக்கும் முன்சீட்டில் நானே உட்கார்ந்து வருகிறேன்.

உங்களில் யார் யார் அந்தப் பட்டறைக்கு வண்டி விடப் போகிறீர்கள்? கையைத் தூக்குங்கள். நன்றாகத் தூக்குங்கள். தூக்காதவர்கள் யார் என்று பார்த்துக்கொண்டேதான் நிற்கிறேன். எனக்கு எதுவும் மறக்காது என்று உங்களுக்கே தெரியும்.