விமானத்தில் மூன்றாவது ஆள்

— பெட்டி எங்க, நாகஜோதி? எங்கப்பாவக் கொண்டாரேன்னுதான சொல்லிட்டுப் போன?

— கொண்டு வரல, மேரிம்மா. செம்பட்டியில எங்க வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்கதான் வாரேன். போன்ல சொல்ல மனசு வரல.

— இன்னும் கடலுக்குள்ளயா கெடக்காரு?

— இல்லம்மா. அது நம்ம மலைக்கோட்டையே முங்கிப் போற ஆழம். ஆளு எறங்க முடியாது. கப்பல்ல இருந்து கேமரா வச்ச மெஷின விட்டு, அந்தச் சண்டைக் காலத்துல விழுந்த ப்ளேனுக்குள்ள இருந்த சேத்தக் கொஞ்சங் கொஞ்சமா உறிஞ்சி எலும்ப எடுத்தோம். உப்பு எறங்கணும்னு மாசக்கணக்கா நல்ல தண்ணியில போட்டு வச்சோம். பத்திரமா இருக்கு.

— பெறகென்ன தாயி? கல்லறைத் தோட்டத்துல அம்மா பக்கத்துல குழி வெட்டியாச்சு. ஃபாதரும் பூசைக்கு வாரேன்னுட்டாரு.

— உங்க எச்சில் எடுத்துட்டுப் போனேன்ல. டெஸ்ட்ல ஒத்துப் போகல. அது உங்க அப்பா இல்லம்மா.

— மெக்கானிக் சவரிமுத்துன்னு சர்க்கார் தந்தியே வந்துச்சே.

— ப்ளேன்ல போனவங்க லிஸ்ட்டுல அவரு பேருதான். பைலட்டுங்க ரெண்டு பேரும் வெள்ளைக்காரங்க, அவங்கள அவங்க குடும்பம் வாங்கிட்டுப் போயிருச்சு. எலும்பப் பாத்தா மூணாவது ஆளுக்கு இருவது வயசுகூட இருக்காது. கடைசி நேரத்துல உங்கப்பாவுக்குப் பதிலா ஏறியிருக்கணும்.

— அப்பாவுக்கு அப்பவே முப்பத்தஞ்சு.

— ஆமாம்மா.

— அப்ப அன்னைக்கு அவரு சாகல.

— அந்த ப்ளேன்ல சாகல. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.

— நான் வயித்துல இருக்கயில வந்த தந்தி. அன்னைக்குக் கட்டுன வெள்ளச் சேலைய எங்கம்மா சாகுறமுட்டும் மாத்தல. அந்த மனுசன் எங்கயோ உசுரோட இருந்துக்கிட்டு, வராமயே இருந்திருப்பாரோ?

— வேற எங்கயாச்சும் சண்டையில போயிருக்கலாம்மா.

— நல்ல புள்ள நீ. ஆறுதலுக்குச் சொல்ற.

— தண்ணி கொண்டு வரவா?

— வேணாம். செத்த நேரம் எங்கூட உக்காரு. பேச்சுச் சத்தம் கேட்டே நாளாச்சு இந்த வீட்டுல.

— உக்காந்துதாம்மா இருக்கேன்.

— அந்தப் பையன் யாரு பெத்த புள்ள?

— தெரியல. எந்த ஊரு, என்ன பேரு, ஒண்ணும் தெரியல. அவன் ஏறுனதே யாருக்கும் தெரியாது.

— இம்புட்டு வருசமா ஒருத்தருமா தேடல?

— யாரும் கேட்டு வரலம்மா. எங்க ஆபீஸ்ல ஒரு பெட்டியில தனியாத்தான் இருக்கான்.

— இங்க அனுப்பச் சொல்லு.

— சொந்தக்காரங்க யாராச்சும் கேட்டாத்தான் தருவாங்க. நீங்க என்ன உறவுன்னு சொல்ல?

— எனக்கும் கூடப் பொறந்தவங்க யாருமில்ல. அண்ணன்னு எழுதிக்க, தாயி.