ஆந்தைக்கு ஒரு கதவும் அக்காவுக்கு ஒரு கிண்ணமும்

அத்தான்: ...அட, அந்தக் குடைக் கதைய விட்டுட்டேனே! ஒரு குடை வாங்க ஒரு மழைக்காலம் முழுக்க யோசிச்ச ஆளு நீ, மாப்ள.

சர்வேயர்: அதை எதுக்கு அத்தான் இப்ப...

அத்தான்: கடை கடையா ஏறி, விரிச்சுப் பார்த்து, கம்பிய எண்ணி, துணியத் தடவி... ஒவ்வொரு கடைக்கும் நனைஞ்சுகிட்டே போன!

சர்வேயர்: வாங்கி வெளிய வந்தா வெயில் அடிக்குது. ஆனா குடை நல்ல குடை அத்தான். இன்னும் நனையவே இல்ல.

அத்தான்: செருப்புக் கடைக்கு அளவு நாடாவோட போனவன். தலையணைய எடை போட்டு வாங்கினவன். அப்பேர்ப்பட்ட நீ, இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மரம் கடையுற லேத் வாங்கியே ஆகணும்னு குதிச்சா, எனக்குப் பயமா இருக்காதா?

சர்வேயர்: நான் காத்திருப்பேன் அத்தான். மரம் காத்திருக்காது. இந்தத் துண்டப் பாருங்க. நேத்து முடி மாதிரி இருந்த வெடிப்பு, இன்னைக்கு நகம் நுழையுது.

அத்தான்: ஓரமெல்லாம் மெழுகு தடவினோமே?

சர்வேயர்: மெழுகு கொஞ்ச நாள்தான் தாங்கும். பச்சை மரம் இது. ஈரம் இருக்கும்போதே கனமா ஒரு கிண்ணமாக் கடைஞ்சு வச்சுடணும். அப்புறம் நிதானமாக் காயவிட்டு, மறுபடி மெல்லிசாக் கடையணும். இப்ப விட்டா விறகுதான். அக்காவோட மரம் விறகாப் போகக் கூடாது.

அத்தான்: ம்ம்... அது சரிதான்.

சர்வேயர்: மகளைப் பார்த்துட்டு அக்கா ஊர்லேருந்து வந்ததும், இந்த ஜன்னலத் திறந்து ஒரு தடவை பார்த்தா. மூடினா. அதுக்கப்புறம் திறக்கவே இல்ல. தினம் சாயங்காலம் அந்த மரத்தடியில நாற்காலி போட்டு ரேடியோ கேட்டவ அத்தான்...

அத்தான்: அதான் காத்துல விழுந்துடுச்சே. என்ன பண்றது... நீ லேத்தக் காட்டு, லேத்தக் காட்டு.

சர்வேயர்: போன்ல இந்தப் படத்தப் பாருங்க, இதான் முதல் மெஷின். மேசை மேல வைக்கலாம். ஒரே ஆள் தூக்கலாம்.

அத்தான்: அழகா இருக்கே! இதையே வாங்கிடு.

சர்வேயர்: கிண்ணம் சுத்துற தண்டுக்கும் கீழ இருக்கிற இரும்புக்கும் நடுவுல இடம் பத்தாது அத்தான். இதுல பெரிய துண்ட மாட்டினா, முதல் சுத்துலயே அடிப்பக்கம் இடிக்கும். சுருக்கமாச் சொன்னா, சாப்பிடுற தட்டு அகலத்துக்கு மேல எதுவும் கடைய முடியாது.

அத்தான்: துண்டச் சின்னதா அறுத்துக்க.

சர்வேயர்: மாட்டேன்.

அத்தான்: ஏன்?

சர்வேயர்: மரம் எவ்வளவு அகலமோ, கிண்ணமும் அவ்வளவு அகலம். ஒரு விரல் குறையக் கூடாது.

அத்தான்: கிண்ணமா, குளிக்கிற தொட்டியா? சரி, அடுத்தது?

சர்வேயர்: இதுல இடம் இருக்கு. ஆனா வேகத்த ரொம்பக் குறைக்க முடியல. கோணல் மாணலான பெரிய துண்டு முதல்ல ஆமை மாதிரி சுத்தணும். வேகமா விட்டா மேசையோட நடந்து வீதிக்குப் போயிடும்.

அத்தான்: நம்ம மேசைக்கு ஏற்கெனவே உடம்பெல்லாம் நடுக்கம். நான் காப்பி டம்ளர வச்சாலே தாளம் போடும்.

சர்வேயர்: அதனாலதான் மூணாவது. இதுக்குத் தலை திரும்பும். தலையப் பக்கவாட்டுல திருப்பிட்டா, கிண்ணம் மேசைக்கு வெளிய சுத்தும், எதுவும் இடிக்காது. வேகமும் நல்லா இறங்கும். கனம் மட்டும்... கொஞ்சம் அதிகம்.

அத்தான்: கொஞ்சம்னா?

சர்வேயர்: நீங்களும் நானும் தூக்கினா, அப்புறம் நம்ம ரெண்டு பேரத் தூக்க நாலு பேர் வரணும்.

அத்தான்: இந்த கார் ஷெட் கதவு வழியா நுழையுமா? அளந்தியா?

சர்வேயர்: அளந்துட்டேன்.

அத்தான்: நீ அளந்தாத்தான் மாப்ள எனக்குப் பயமே.

சர்வேயர்: ஊர் நிலத்துக்கெல்லாம் எல்லைக்கல் நட்ட சர்வேயர் அத்தான் நான்!

அத்தான்: அதான் சொல்றேன். சரி, இதுவரைக்கும் நீ என்னதான் கடைஞ்சிருக்க?

சர்வேயர்: ஒரு பம்பரம்.

அத்தான்: சுத்துச்சா?

சர்வேயர்: சாஞ்சே சுத்துச்சு. அப்புறம் பயிற்சி வகுப்புல ஒரு சின்னக் கிண்ணம்... உள்பக்கம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு தோண்டிக்கிட்டே போனேன். திடீர்னு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியுது.

அத்தான்: அடக் கடவுளே!

சர்வேயர்: சொல்லிக்குடுத்தவர் அதக் கையில எடுத்து ஓட்டை வழியா என்னையே பார்த்தாரு. ‘புனல் அருமையா வந்திருக்கு சார்’னு பாராட்டினாரு. வீட்டுல இப்ப அதுலதான் எண்ணெய் ஊத்துறோம்.

அத்தான்: மாப்ள, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நல்லாக் கடையத் தெரிஞ்ச ஆள்கிட்டக் குடுத்துடலாம். அக்காவுக்குக் கிண்ணம் கிடைச்சாப் போதும்ல?

சர்வேயர்: போதாது. நான்தான் கடையணும்.

அத்தான்: பிடிவாதத்தப் பாரு! மரம் விழுந்ததுக்கு நீ என்ன பண்ணுவ?

சர்வேயர்: அத்தான், அன்னைக்கு... நீங்க வீட்டுலதான இருந்தீங்க? மரம் விழுந்த சத்தம் கேக்கலையா?

அத்தான்: நானா? நல்ல தூக்கம். அசந்துட்டேன். அத விடு. இந்த மூணாவது மெஷினையே வாங்கிடுவோம். தூக்க நாலு பேர நான் கூட்டிட்டு வரேன். இடம் வேணுமா, என் காரை வெளிய நிறுத்திடுறேன். இப்பதான் மேல இலை...

சர்வேயர்: இலை?

அத்தான்: ஒண்ணுமில்ல. வெளிய நிறுத்தலாம்னு சொன்னேன்.

சர்வேயர்: நீங்க இவ்வளவு ஒத்தாசையா இருக்கறதுதான் அத்தான் என்னைக் கொல்லுது. ‘காத்துல விழுந்துடுச்சு’ன்னு நான் சொன்னதும், ஒரு கேள்வி கேக்காம நம்பினீங்களே... அது காத்துல விழல.

அத்தான்: மெதுவாப் பேசு.

சர்வேயர்: என் வீட்டுப் பக்கம் நிக்குற பட்ட மரத்த வெட்டத்தான் ஆளக் கூப்பிட்டேன். மொட்டை மாடியில நின்னு ‘இடது பக்கத்து மரம்’னு கத்தினேன். எனக்கு இடது. கீழ என்னைப் பார்த்து நின்னவருக்கு அது வலது. ஊருக்கே திசை காட்டினவனுக்கு அது தோணல அத்தான்! கத்திட்டுக் குளிக்கப் போயிட்டேன். தலை துவட்டிட்டு வந்து பார்த்தா, பட்டது அப்படியே நிக்குது. அக்கா மரம் படுத்திருக்கு.

அத்தான்: மாப்ள...

சர்வேயர்: சொல்லி முடிச்சுடுறேன். அக்காகிட்டயும் சொல்லணும். வெறுங்கையோட சொல்ல வாய் வரல. அதான் கிண்ணம். கிண்ணத்த நீட்டிக்கிட்டே...

அத்தான்: மாப்ள, வாய மூடு. ஜன்னல் திறந்திருக்கு.

சர்வேயர்: எந்த ஜன்னல்?

அக்கா: இந்த ஜன்னல்தான்டா. கிண்ணத்த நீட்டிக்கிட்டே... அப்புறம்?

சர்வேயர்: அக்கா! நீ... எப்ப திறந்த?

அக்கா: மூடியிருந்தப்பவே எல்லாம் காதுல விழுந்துச்சு. திறந்தது, புனல்ல எண்ணெய் ஊத்தினப்ப. சிரிப்ப அடக்க முடியல.

சர்வேயர்: அப்ப எல்லாத்தையும் கேட்டுட்டியா?

அக்கா: புதுசா என்ன கேட்டேன்? வந்த அன்னைக்கே அடிமரத்தப் பார்த்தேன். காத்து அடிச்சா மரம் முறியும், இல்ல வேரோட சாயும். இது கேக் வெட்டின மாதிரி சமமா இருக்கு. காத்து ரம்பம் எடுத்துக்கிட்டு வந்துச்சாக்கும்?

சர்வேயர்: தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?

அக்கா: நீயா சொல்றியான்னு பார்த்தேன். நீதான் குடைக்கே ஒரு மழைக்காலம் எடுத்துக்கறவனாச்சே.

சர்வேயர்: மன்னிச்சுடுக்கா. கோபத்துல ஜன்னலையே மூடிட்டியேன்னு...

அக்கா: கோபம் இருந்துச்சு. ஆனா ஜன்னல மூடினது கோபத்துல இல்ல. மரம் போனதும் சாயங்கால வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. உங்க அத்தான் ஒரு திரை கூட மாட்டித் தரல.

அத்தான்: கேட்டாத்தானே...

அக்கா: நீங்க சும்மா இருங்க. தம்பி, ஒரு கதை சொல்றேன் கேளு. ஒரு மரங்கொத்தி புழுவத் தேடித் தேடிக் கொத்தி, ஒரு ஆந்தை குடியிருந்த மரத்தையே சாச்சுடுச்சு. அப்புறம் மனசு கேக்கல. விழுந்த மரத்துலேருந்து அழகா ஒரு கதவு செஞ்சுகிட்டுப் போய், ‘இந்தாம்மா, உனக்குத்தான்’னு நீட்டுச்சாம். ஆந்தை திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, ‘வேலைப்பாடு நல்லா இருக்கு. எதுல மாட்டுறது?’ன்னு கேட்டுச்சாம்.

சர்வேயர்: ...அப்ப கிண்ணம் வேண்டாமா?

அக்கா: வேணும். ஆனா குளிக்கிற தொட்டி வேண்டாம். மடியில வச்சு நாலு பழம் நறுக்குற அளவு போதும். அந்த முதல் மெஷின், தட்டு அகலத்துக்குக் கடையும்னு சொன்னியே, அத வாங்கு. வெடிப்பு இருக்கிற பக்கத்த அறுத்துத் தள்ளு. பெருசாக் குடுத்தாத்தான் மன்னிப்புன்னு யாருடா சொன்னா?

சர்வேயர்: புனலா வந்துட்டா?

அக்கா: எண்ணெய் ஊத்திக்கறேன். ஆனா எனக்கு முதல்ல வேண்டியது நிழல். புதுக் கன்னு ஒண்ணு நடு. அது வளர்ற வரைக்கும், தினம் சாயங்காலம் நான் ரேடியோ கேக்கறப்ப உன் குடையப் பிடிச்சுக்கிட்டு நில்லு. பார்த்துப் பார்த்து வாங்கினதாச்சே.

சர்வேயர்: நிக்கறேன்க்கா. இப்பவே எடுத்துட்டு வரேன். இன்னும் உறை கூடக் கிழிக்கல.

அத்தான்: மாப்ள... கொண்டு வந்து என்கிட்டக் குடு. குடைய நான் பிடிக்கறேன்.

சர்வேயர்: நீங்க எதுக்கு அத்தான்? தப்பு என்னுது.

அத்தான்: நான் அன்னைக்குத் தூங்கல மாப்ள. நீ குளிக்கப் போனதும், வெட்ட வந்தவருக்குச் சந்தேகம். பச்சை மரமா இருக்கேன்னு கதவத் தட்டி, ‘இதுதானா சார்?’னு கேட்டாரு... வெளிய நிறுத்தினா தினமும் காரு மேல இலை கொட்டுதேன்னு... ‘ஆமா’ன்னு தலையாட்டினது நான்தான்.