இருவர் எழுதிய மகள்

ஆமாம், அப்பா, அம்மா இரண்டு பேரும் வரிக் கணக்கில் என்னைத்தான் எழுதியிருக்கிறார்கள். பெயர் அனு. வயது இருபது. தகப்பனார் கோபிகிருஷ்ணன், தாயார் சித்ராதேவி. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. மணமாகவில்லை. யார் எந்த வீட்டில் என்று வார்டு ஆபீஸ் வைத்திருக்கும் குடும்பப் பட்டியலின்படி முகவரி லான்மடாவ், அப்பா வீடு. இருப்பது தின்கன்ஜூனில், அம்மாவோடு.

நான் பள்ளியில் படிக்கும்போது அம்மா அந்த வீட்டை விட்டுத் தனியாகப் போனார், நானும் கூடப் போனேன், அதன் பிறகு என் பெயரை அம்மா பட்டியலுக்கு மாற்றிக்கொள்ள வார்டு ஆபீசுக்குப் போனோம். எழுத்தர் அப்பாவின் பட்டியலை விரித்து, ஸ்கேல் வைத்து, சிவப்புப் பேனாவை எடுத்தார். இறந்துபோன தாத்தாவின் பெயர் அதில் அப்படித்தான் அடிக்கப்பட்டிருந்தது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உயிரோட இருக்கிற புள்ள பேருல கோடு போடாதீங்க.”

“கோடு போடாம மாத்த முடியாது, டோ சித்ரா. எல்லாரும் இப்படித்தான் மாறுறாங்க” என்றார் எழுத்தர், பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு ‘டோ’ சேர்த்து.

“எல்லாரும் மாறட்டும். எனக்கு இருக்கிறது ஒண்ணு.”

மாற்றாமலே திரும்பினோம்.

அதன் பிறகு அம்மா, தாம் கற்பிக்கும் தனியார் பள்ளியில் வருமான வரிக்கு விவரம் கேட்டபோதெல்லாம், தம் பொறுப்பில் படிக்கும் பிள்ளை என்று என்னை எழுதினார். அப்பா வேலை செய்யும் கம்பெனியில் பட்டியலின் நகலைக் கேட்டார்கள், அதில் நான் இருந்தேன், அவரும் எழுதினார். ஒரு பிள்ளைக்கு ஒருவர்தான் வரிக் கழிவு பெறலாம். இந்த ஆண்டு வரி ஆபீசில் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அப்பா பட்டியலைக் காட்டினார். அம்மாவிடம் காட்ட எதுவும் இல்லை. பொய்க் கணக்கு என்று அம்மா மேல் வழக்கு வரும் என்றார்கள். வந்தால் அம்மாவுக்குப் பள்ளி வேலை இருக்காது.

அதன் பிறகு அப்பா கல்லூரி வாசலுக்கு வந்தார். டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் இப்போது பால் டீ குடிப்பதில்லை. அது அவருக்குத் தெரியாது. சின்ன வயதில் வாங்கித் தந்தது போலவே பாலும் சர்க்கரையும் அதிகமாகப் போடச் சொன்னார். குடித்தேன்.

மகளே என்பதை அவர் பர்மியில்தான் சொல்வார்.

“தமீ, எங்கூடத்தான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு.”

“அம்மா மேல கேஸ் வரும்ப்பா.”

“அபராதம் நான் கட்டிடுறேன்.”

“காசுக்கா கேக்குறீங்க?”

“காசு கிடக்குது. ஆபீசுல வருசத்துக்கு ஒருதரம் புள்ளைங்க எத்தனைன்னு கேக்குறான். ஒண்ணுன்னு சொல்றேன். வேற எவனும் எங்கிட்ட அதக் கேக்குறதில்ல.”



இங்கே, வரி ஆபீசில், கேட்ட கேள்விக்குப் பதில் இது. எனக்குச் சோறு போட்டதும் கல்லூரிக்குப் பணம் கட்டியதும் அம்மா. பிரிந்த பிறகு நான் அப்பா வீட்டில் ஒரு நாளும் தங்கவில்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படி எழுத வேண்டாம்.

படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. நடந்தது இதுதான்.

(ஒப்பம்) அனு

பதிவு செய்தவர் குறிப்பு: ஒப்பமிட்டபின் சாட்சி வெளியே சென்று, வராந்தாவில் காத்திருந்த தந்தையிடம், இந்த வாக்குமூலத்தில் சொன்னதைத் தாமே சொன்னார். பிறகு தாயாரோடு பஸ் ஏறினார்.