லாரிப் பட்டை போட்ட ரேஸ் கார்

சாத்தூர் பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் காலடியில் புது ஆட்டுரல் இருந்தது. அதை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் அப்போதுதான் விசிலடித்துவிட்டுப் போயிருந்தார்.

“விடுங்க அண்ணாச்சி,” என்றார் மற்றவர், ஒல்லியான ஆள். “தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி கார்ல வருவாரு, ஏத்திக்கிடுவாரு.”

“அந்த ரேஸ் காரா? நம்ம நிழல் பட்டாலே வைவாரே!”

“அது அப்போ. கார் பழசாகி சீமை ஸ்பிரிங் படுத்துருச்சு. இங்கன கிடைக்காதுன்னு லாரிக்குப் போடுற ஸ்பிரிங் பட்டையை மாட்டிட்டாக. இப்ப லோடு இல்லன்னா தவளை கணக்கா குதிக்குது. நேத்து என்னையக் கூப்பிட்டு ஏத்துனாரு. கனம் பத்தலைன்னு அச்சங்குளத்துல இறக்கி விட்டுட்டாரு.”

கார் குதித்துக் குதித்து வந்து நின்றது. முதலாளி எங்கள் மூவரையும் பார்க்கவேயில்லை. இறங்கி வந்து உரலுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.