மணிமேகலை அசையாமல் கிடந்த நாற்பது நிமிஷம்

எங்கள் ஸ்கேன் ரூம் எப்போதும் குளிரும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால் வருகிறவர்களுக்கு முதலில் போர்வை போர்த்திவிடுவேன். அன்றைக்கு மணிமேகலைக்கும் போர்த்தினேன். அன்னவாசலில் இட்லிக் கடை வைத்திருக்கிறவர். கர்ப்பப்பையில் கட்டி. கத்தி படாமல், ஒலியை ஓரிடத்தில் குவித்துக் கட்டியைச் சுடுகிற வைத்தியம். எவ்வளவு சூடு ஏறுகிறது என்று எம்.ஆர்.ஐ. மிஷின் படத்திலேயே அளந்து காட்டும். ஆள் அசைந்தால் அளவு பிசகும். நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து.

அசையாதபடி வார் போட்டுக் கட்டுவது என் வேலை. நாற்பது வயசுக்கு மேல்தான் நான் எழுத்துப் படித்தேன். முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்ததே அந்த ரூம் கதவில் இருந்த பலகைதான்: ‘அசையக் கூடாது.’

ஆடி மாசம் டாக்டர் நித்யா மிஷினுக்குப் புது புரோகிராம் போட்டார்.

“இனிமே இறுக்கிக் கட்ட வேணாம் சிவசாமி. மூச்சு விட்டாலும் அசைஞ்சாலும் இது வேகமா அளந்துரும். திங்கக்கிழமையிலேருந்து நீங்க வாசல் கேட்டைப் பாத்துக்கங்க.”

கோபமில்லை ஐயா. கேட்டுப் பக்கம் நல்ல நிழல். போவதற்குள் ஒரே ஒரு ஆளைச் சிலை மாதிரி கிடத்திக் காட்டிவிடணும் என்று ஆசை.

கட்டிக்குப் பின்னால் காலுக்குப் போகிற நரம்பு ஓடுகிறது. அது சுட்டால் படத்தில் தெரியாது, படுத்திருக்கிறவருக்குத்தான் தெரியும். அதற்காகக் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்போம். அமுக்கினால் அதிலிருந்து போகிற குழாய் வழியாக டாக்டர் பக்கம் மணியடிக்கும், அவர் நிறுத்திவிடுவார்.

“நாப்பது நிமிசமாண்ணே? என் இட்லி பத்து நிமிசத்துல வெந்துரும். சுட்டா இதை அமுக்கிடவா?”

“அமுக்குத்தா. பயப்படாத.”

பந்தைக் கையில் கொடுத்தேன், அதில் பொய்யில்லை. குழாயை மட்டும் உருவிவிட்டு, போர்வைக்குள்ளே வாரை இறுக்கிக் கட்டினேன்.

கால்மணி நேரம் போனதும் அமுக்கினார். பிறகு விடாமல் அமுக்கினார். மிஷின் போடுகிற சத்தத்தில் கத்தினாலும் வெளியே கேட்காது. பக்கத்தில் நின்ற நான் தோளைத் தடவிக் கொடுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படிக் காட்டியது அன்றைக்குத்தான்.

‘அசைந்தாலும் பிசகாத அளவு’ என்று திருச்சி மீட்டிங்கில் அவர் அந்தப் படத்தைத்தான் போட்டாராம். அசைவே இல்லாத படம் அது. நான் திருத்தவில்லை.

போன வாரம் அன்னவாசல் போய் மணிமேகலையைப் பார்த்தேன். கடை பூட்டியிருந்தது. வீட்டில் கட்டிலில் கிடந்தார். வாரையெல்லாம் அவிழ்த்து ஒரு மாசமாகிறது. வலது கால் இன்னும் அசையவில்லை.

என் கட்டு அப்படி, ஐயா.