சாட்சி சொல்ல ஒரு பாவம்

கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் இருவர், மடியில் வேதப்புத்தகத்தோடு.

"பெந்தகோஸ்து சபையில சேரலாம்னு பாத்தேன் ஓய். அவங்க சொல்லுகதெல்லாம் எனக்கும் சம்மதம்தான். ஆனா முடியாது."

"ஏன், அங்க நகை போடக்கூடாது, கழத்தணும்னா?"

"நகை போனா போவட்டு. அங்க எல்லாருக்கும் முன்ன எழும்பி நின்னு, முந்தி செஞ்ச பாவத்தச் சாட்சி சொல்லணும். நான் குடிச்சதில்ல, பீடி தொட்டதில்ல. என்னத்தச் சொல்ல?"

"பின்னே கத்தோலிக்கத்துக்குப் போவும்."

"அங்கயும் சாமியாரு காதுல பாவத்தத்தானே சொல்லணும்? வெறுங்கையோட எப்பிடிப் போவேன்?"

முன்புறம் பெண்கள் இருக்கையிலிருந்து ஒரு அம்மாள் திரும்பினாள். பாவமே இல்லை என்றவருடைய மனைவிதான்.

"நீங்க பெந்தகோஸ்துலயே சேருங்க. எழும்பி மட்டும் நில்லுங்க, சாட்சிய நான் சொல்லுகேன்."