சம்மட்டிக்கு விழாத சுவர்

ரவையை மொத்தமாகக் கொட்டினால் உப்புமா கட்டி தட்டிவிடும். கம்பி இழையும் அப்படித்தான். விரல் நீளம், இரண்டு முனையிலும் கொக்கி வளைவு. சுழலும் கான்கிரீட்டில் தூவித் தூவிப் போட வேண்டும். மூட்டையைக் கவிழ்த்தால் முள்ளம்பன்றிகள்தான் உருளும்.

ஹேமந்த் சாரைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. அதற்குத்தான் வருகிறேன். சுவர் புரிந்தால்தான் அவர் விஷயம் புரியும்.

சாதாரணக் கான்கிரீட் வெடி அதிர்ச்சியில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். எங்கள் சுவரிலும் விரிசல் விடும். ஆனால் இழைகள் இரண்டு பக்கத்தையும் தையல்போலப் பிடித்துக்கொள்ளும். கொக்கி நிமிர்ந்து, இழை கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு வருவதற்குள் வெடியின் வேகம் தீர்ந்துபோகும். அழகான ஏற்பாடு.

வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட, ஒரகடம் யார்டில் ஒரு மாதிரி அறை கட்டினோம். ரசாயன ஆலையில் ஆபத்து வந்தால் ஆட்கள் ஒதுங்குவதற்கானது. நச்சுப்புகை நுழையாதபடி ரப்பர் விளிம்பு வைத்த இரும்புக் கதவு. கலவை என்னுடையது. இனிமேல் இழையைப் பாதியாகக் குறைக்கலாம் என்று சூப்பர்வைசரான ஹேமந்த் சார், மேனேஜரிடம் சொல்லிவிட்டார். பாதி போட்டால் தையல் பிரியும் என்று அவருக்கு நான்கு முறை படம் வரைந்து விளக்கினேன்.

சனிக்கிழமை அரை ஷிப்ட். எல்லோரும் பஸ் ஏறப் போகும் நேரத்தில் சிரித்தார். "இன்னா நம்பி, ஆணியப் போட்டு உப்புமா கிண்டிகினு கீற? சம்மட்டி குடு, அர மணி நேரத்துல ஓட்டை போட்டுக் காட்றேன்."

"உள்ள நின்னு போடுங்க சார். ஓட்டை வழியா வெளிய வந்துட்டீகன்னா, நான் வேலைய விட்டு ஊருக்குப் போயிருதேன்."

பஸ் போயிற்று. அவர் உள்ளே போனார். ஆள் ஒதுங்கும் அறை என்பதால் உள்ளிருந்தும் கதவைத் திறக்கலாம். பந்தயம் என்பதால் வெளியே குறுக்காக ஒரு கம்பி கொடுத்தேன். எஃகு இழையும் இரும்புக் கதவும் போன் சிக்னலை விடுவதில்லை. அது கூடுதல் சிறப்பு.

நாற்காலி போட்டு உட்கார்ந்து அடிகளை எண்ணினேன். முதல் மணி நேரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு. அடுத்ததில் நூற்று நாற்பது. ஆறுக்கு ஐந்தடி அறை. சும்மா உட்கார்ந்தால் காற்று மறுநாள்வரை தாங்கும், சம்மட்டி அடித்தால் தாங்காது. இதையும் அவருக்கு முன்பே விளக்கியிருக்கிறேன். ஆறு மணிக்குச் சத்தம் நின்றது. வீட்டுக்குப் போய்க் குளித்தேன்.

திங்கட்கிழமை வாங்க வந்தவர்கள்தான் கதவைத் திறந்தார்கள். உள்பக்கம் ஒரு கையளவு பெயர்ந்திருந்தது. வெளிப்பக்கம் கீறல்கூட இல்லை.

அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது, ஐயா. சுவர் நல்ல சுவர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே கம்பியை எடுத்திருப்பேன். கடைசிவரை பிடிவாதமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது, சம்மட்டிச் சத்தத்தைத் தவிர வேறெதையும் வெளியே விடாத சுவர் அது.